மேல்கையிலும் தோளிலும் ரத்தக்கட்டி: மாத்திரை போதுமா, கரைக்கச் சென்னை போகணுமா?

நாகலூர் அக்கா (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். என் தம்பிக்கு வயசு 26. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது, பீடியைத் தொட்டதில்லை. எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறான். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி, பொழுது முழுக்க வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிக் கொடியை வளைத்துப் பறிக்கிற வேலை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கை கனக்குது என்றான். விடிந்து பார்த்தால் சட்டைக் கை ஏறவில்லை. தோளிலிருந்து விரல் வரை வீக்கம். தொங்கவிட்டால் கை நீலம் பாரிக்கிறது. முதலில் காட்டிய இடத்தில் சதைப்பிடிப்பு என்று வலி மாத்திரையும் தடவுகிற மருந்தும் கொடுத்தார்கள். குறையவில்லை. தோள் மேலேயும் மார்பின் வலது பக்கமும் பச்சை பச்சையாக நரம்பு எழும்பவும் பயந்துபோய்ச் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தோம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் அக்குளிலிருந்து காரை எலும்புக்கு அடி வரை ரத்தக்கட்டி என்று வந்திருக்கிறது. அட்மிட் பண்ணி, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுகிறார்கள்.

இப்போது குழப்பம் என்னவென்றால், ஒரு டாக்டர் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர், சின்ன வயசு, வேலை செய்கிற கை, சென்னைக்குப் போய்க் கட்டியைக் கரைத்துவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள்.

குகை ராஜவீதி

அக்கா, எங்க பாட்டி காலத்திலிருந்து கை வீங்கினால் வேப்பெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டு இறுக்கிக் கட்டுவார்கள். ஊசியோடு அதையும் சேர்த்துச் செய்து பாருங்க. வீக்கம் வடியும்.

சூரமங்கலம் சிஸ்டர்

தயவுசெய்து யாரும் நீவாதீங்க. நான் வார்டில் வேலை பார்க்கிறவள், கண்டிப்பாகவே சொல்கிறேன். சுளுக்குக்கு நீவுவது வேறு, இது வேறு. உள்ளே ஆழத்தில் ஓடுகிற ரத்தக்குழாயில் கட்டி இருக்கிறது. அமுக்கி உருவினால் அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கலாம். கால் கட்டியில் நடக்கிற அளவுக்குக் கைக் கட்டியில் இது நடப்பதில்லை. ஆனால் நடக்கும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

கையைத் தலையணை மேல் வைத்து நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்க கண்ணு. விரலை மடக்கி நீட்டலாம். அந்தக் கையில் டிரிப் ஏற்ற வேண்டாம், பிரஷரும் பார்க்க வேண்டாம் என்று வார்டில் நீங்களே சொல்லி வையுங்க. ஷிப்ட் மாறும்போது இது விட்டுப்போகும்.

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், சளியில் ரத்தம் வந்தால், ராத்திரி என்ன நேரமானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க. இதைப் படிக்கிற மலைக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் இருக்கும்போது இப்படி ஆனால் காலையில் முதல் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து இறங்குகிற நிலைமை அது இல்லை.

அம்மாபேட்டை தறி

எனக்கும் வலது கையில்தான் வந்தது. குழித்தறி நெய்கிறேன், கயிற்றை இழுத்து இழுத்து நாடா தட்டுகிற கை. மாத்திரை மட்டும்தான் சாப்பிட்டேன். இன்று வரை தறியில்தான் உட்காருகிறேன். கரைக்கிற வைத்தியம், ஆபரேஷன் எல்லாம் பெரிய செலவு, பெரிய ஆபத்து. பயமுறுத்துவார்கள், போகாதீங்க என்றுதான் சொல்வேன்.

ரத்தநாளப் பிரிவு

நான் ரத்தநாள அறுவைச் சிகிச்சையில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் இதுதான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு டாக்டர்களிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் தறி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஸ்கேனில் கட்டி எதுவரை இருந்தது? முழங்கைக்கு மேலே பிரேக்கியல் என்ற குழாயோடு நின்றிருந்தால் அது பெரும்பாலும் மாத்திரையோடு முடிந்துவிடும். அக்கா சொல்வது அதற்கும் மேலே, அக்குளில் இருக்கிற ஆக்சிலரி குழாயும் காரை எலும்புக்கு அடியில் இருக்கிற சப்கிளேவியன் குழாயும் சேர்ந்து அடைபட்டது. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

நல்ல உடம்புள்ள இளவயசு ஆணுக்கு, அதிகம் புழங்குகிற கையில், தலைக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலைக்குப் பின் வந்திருக்கிறது. இதற்கு பேஜெட் ஷ்ரோட்டர் நோய் என்று பெயர். லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் 1875-லும், வியன்னாவில் ஷ்ரோட்டர் 1884-லும் தனித்தனியாக எழுதி வைத்தார்கள். 1949-ல் ஹியூஸ் என்பவர் இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார். நீச்சல்காரர்கள், பந்து வீசுகிறவர்கள், பளு தூக்குகிறவர்கள், பெயின்டர்கள் என்று வருவார்கள். மிளகு பறிப்பவரும் அதே கணக்குதான்.

காரணம் ரத்தத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. கையிலிருந்து திரும்புகிற ரத்தம் முழுக்கக் காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள சந்து வழியாகத்தான் நெஞ்சுக்குள் போகிறது. அங்கே தசையும் தசைநாரும் வேறு உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சந்து குறுகல். உழைத்து உழைத்துத் தசை பருத்தால் இன்னும் குறுகும். கையைத் தூக்கும்போதெல்லாம் குழாய் நசுங்கும். நாளாக நாளாக உள்சுவர் தடித்துத் தழும்பு ஏறும். பிறகு ஒரு நாள் வேலை கூடுதலாக இருந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்துவிடும். தோளிலும் மார்பிலும் எழும்பிய பச்சை நரம்புகள், அடைப்பைச் சுற்றி ரத்தம் மாற்றுவழி தேடிப் போவதைத்தான் காட்டுகின்றன.

மாத்திரையா, கரைப்பதா என்பதற்கு வருகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் மாத்திரையும் எல்லாருக்கும் உண்டு, குறைந்தது மூன்று மாதம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த மருந்து இருக்கிற கட்டியைக் கரைக்காது. அது வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பே மெல்லச் செய்ய வேண்டும், அது பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. நின்றால் கை வீக்கமும் கனமும் வருஷக்கணக்கில் தொடரலாம்.

அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், பொதுவாகக் கைக் கட்டிக்குக் கரைப்பதைவிட மருந்து மட்டும் போதும் என்ற பக்கம் சாய்கிறது. அதையும் பலமாகச் சொல்லவில்லை, நிரூபணம் குறைவு என்ற குறிப்போடுதான் சொல்கிறது. முதல் டாக்டர் சொன்னது அதன்படி சரி. அதே சங்கம், கரைத்தால் பலன் கிடைக்கக்கூடியவர்களையும் குறித்திருக்கிறது. தொந்தரவு கடுமையாக இருக்க வேண்டும், ஆக்சிலரியும் சப்கிளேவியனும் பெரும்பகுதி அடைபட்டிருக்க வேண்டும், தொடங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், உடம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும், ரத்தக்கசிவு ஆபத்து குறைவாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது டாக்டர் மனதில் இருப்பது இதுதான். அவர் சொல்வதும் சரி.

என் கருத்து இது: இந்த வயசில், இந்த வேலையில், மாத்திரை மட்டும் என்று முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு ரத்தநாள நிபுணர் தம்பியை நேரில் பார்க்கட்டும். இரண்டு வாரம் தாண்டினால் கட்டி இறுகிவிடும். பிறகு கரைக்கிற மருந்து சரியாகப் பிடிக்காது. மாத்திரையை மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்துகொள்ளலாம், இந்த வாய்ப்பு அப்படி இல்லை. தேதியைக் குறித்து வையுங்கள்.

நாகலூர் அக்கா

ரொம்ப நன்றி டாக்டர். கை கனத்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. கரைக்கிறதில் ஆபத்து என்ன? அப்பாவுக்கு அதுதான் பயம்.

ரத்தநாளப் பிரிவு

ரத்தக்கசிவுதான். கரைக்கிற மருந்தைச் செலுத்த மெல்லிய குழாய் நுழைத்த இடத்தில் கசிவது சாதாரணம். அரிதாக வயிற்றுக்குள்ளோ மூளையிலோ கசியலாம், அது பெரிய விஷயம். அதனால்தான் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வயிற்றில் புண் இருப்பவர்களுக்கெல்லாம் யோசிப்பார்கள். இப்போது மருந்தைக் கட்டிக்குள்ளேயே குழாய் விட்டுச் செலுத்துவதால் குறைந்த அளவே போதும். கருவியால் கட்டியை உடைத்து உறிஞ்சுகிற முறையும் உண்டு, அதில் கரைக்கிற மருந்து இன்னும் குறையும்.

அஸ்தம்பட்டி வேகப்பந்து

அக்கா, எனக்கு இதே நோய்தான், கிளப் கிரிக்கெட்டில் பந்து வீசுகிற கையில். நான் கரைத்து, விலா எலும்பும் எடுத்தவன். என்ன நடக்கும் என்று தெரிந்தால் வீட்டில் பயம் குறையும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முழங்கைக்கு மேலே உள்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயை விட்டார்கள். முழு மயக்கம் இல்லை. ராத்திரி முழுக்க ஐ.சி.யூ.வில் அந்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து. கையை மடக்கக் கூடாது. சில மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பல் தேய்க்க விடவில்லை, ஈறில் ரத்தம் வரும் என்று வாயைக் கொப்பளிக்க மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் சாய மருந்து விட்டுத் திரையில் காட்டியபோது ரத்தக்குழாய் திறந்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கியதும் விலா எலும்பு இருக்கிற இடத்தில் சாயம் அப்படியே நின்றுவிட்டது. அதை நானே பார்த்ததால் எலும்பை எடுக்க வேண்டும் என்று சொன்னபோது யோசிக்கவில்லை.

ஆபரேஷன் அக்குள் வழியாக. விழித்ததும் நெஞ்சுப் பக்கம் ஒரு வடிகுழாய் இருந்தது. மூச்சு இழுத்தால் வலிக்கும், ஆனாலும் இழுத்துப் பயிற்சி செய்ய வைப்பார்கள். மேல்கையின் உள்பக்கம் தொட்டால் மரமரவென்று இருந்தது, ரொம்ப நாள் இருந்து குறைந்தது. பிசியோதெரபியை விடவே கூடாது. முதல் விலா எலும்பு இல்லாமல் எப்படி என்று அம்மா அழுதார்கள். அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியவில்லை. மறுபடி பந்து வீசுகிறேன்.

ஐந்து ரோடு மருந்தகம்

ஆபரேஷன் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, மாத்திரை பற்றிச் சொல்கிறேன். கடையில் தினமும் பார்க்கிற விஷயம் இது.

ரத்தம் உறையாமல் தடுக்கிற புது மாத்திரைகளில் ஆரம்பத்தில் அளவு அதிகம், பிறகு குறையும். ரிவராக்சாபன் என்றால் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, அதன்பின் 20 மில்லிகிராம் ஒரு வேளை. இதை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அபிக்சாபன் என்றால் முதல் 7 நாள் 10 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் 5 மில்லிகிராம் இரண்டு வேளை. அளவு மாறுகிற அந்த நாளில்தான் பலர் பழைய சீட்டையே நீட்டுகிறார்கள். எந்தத் தேதியில் மாறுகிறது என்று டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்க.

பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் கொடுத்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை அவசியம், 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் சாப்பிடுங்க. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் அளவு ஏறி இறங்கும். ரிவராக்சாபன், அபிக்சாபனுக்குக் கீரைக் கட்டுப்பாடே இல்லை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். தோள் வலிக்குது என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீங்க. இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். முதலில் கொடுத்த வலி மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்க. வலிக்குப் பாரசிட்டமால் போதும். தசையில் போடுகிற ஊசியும் வேண்டாம், பல் பிடுங்கப் போனால் மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடணும். வீக்கம் வடிந்துவிட்டது என்று யாரும் தானாக நிறுத்தவே கூடாது.

கொண்டலாம்பட்டி மாம்பழம்

இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். என் மனைவிக்குக் கீமோ கொடுக்க மேல்கையிலிருந்து நெஞ்சு வரை ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கை வீங்கிவிட்டது, இதுவும் கட்டி என்கிறார்கள். குழாயை எடுக்காமலே ஊசி போடுகிறார்கள். எடுத்தால்தானே சரியாகும்?

ரத்தநாளப் பிரிவு

கையில் வருகிற கட்டிகளில் இந்த வகைதான் அதிகம். குழாய், மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கிற போர்ட், பேஸ்மேக்கர் கம்பி இவற்றைச் சுற்றி உறைவது. புற்றுநோயே ரத்தத்தை உறைய வைக்கும், அதுவும் சேர்ந்துகொள்கிறது. குழாய் சரியாக வேலை செய்கிறது, கீமோவுக்குத் தேவையாகவும் இருக்கிறது, சீழ் பிடிக்கவில்லை என்றால் எடுக்காமல் மருந்து கொடுப்பதுதான் முறை. எடுத்தால் மறுபக்கம் புதிதாக வைக்க வேண்டும், அங்கேயும் உறையலாம். குழாய் உள்ளே இருக்கும் வரை மருந்தும் தொடரும். இவருக்கு விலா எலும்புப் பேச்சே கிடையாது. ஆனால் முகமும் கழுத்தும் வீங்கினால், குனிந்தால் தலை கனத்தால், அன்றைக்கே காட்டுங்கள்.

அரிசிபாளையம் அம்மா

என் மகளுக்குக் காய்ச்சலுக்கு டிரிப் போட்ட இடத்தில், முன்கையில், நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிறது. தொட்டால் வலி. இதுவும் அதேவா?

சூரமங்கலம் சிஸ்டர்

அது தோலுக்கு அடியிலேயே ஓடுகிற மேல் நரம்பு, பெரும்பாலும் தானாகவே சரியாகும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, அந்த ஊசி இன்னும் இருந்தால் எடுக்கச் சொல்லுங்க. தடிப்பு மேலே ஏறிக்கொண்டே போனாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, மொத்தக் கையும் வீங்கினாலோ ஸ்கேன் எடுக்கணும்.

அம்மாபேட்டை தறி

டாக்டர், பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பிரேக்கியல் என்றுதான் போட்டிருக்கிறது. எனக்கு 50 தாண்டிவிட்டது. அந்தத் தம்பிக்கு 26. மலையில் ஏணி ஏறிப் பிழைக்கிறவனுக்குக் கை போனால் என்ன இருக்கிறது? நீங்க சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போங்க தாயி. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்க, ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. எந்த வைத்தியத்துக்குக் கிடைக்கும் என்று அட்மிட் ஆவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டு எழுதி வாங்குங்க.

ரத்தநாளப் பிரிவு

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. போகும்போது டாப்ளர் ரிப்போர்ட் மட்டும் போதாது, கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சி.டி. அல்லது சாய மருந்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். காரை எலும்பு மறைப்பதால் டாப்ளரில் அதற்கு அடியில் இருக்கிற பகுதி சரியாகத் தெரியாது.

இன்னொன்று, நினைவில் இருக்கட்டும். ரத்தக்குழாய் குறுகலாக இருக்கிறது, அதை விரித்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், விலா எலும்பை எடுத்த பிறகா, அதற்கு முன்னாலா என்று கேளுங்கள். எலும்பு அங்கேயே இருக்க ஸ்டென்ட் வைத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் அது நசுங்கும், உடையும். அப்புறம் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

நாகலூர் அக்கா

சென்னையிலிருந்து எழுதுகிறேன். வந்து சேர்ந்த அன்றே பார்த்தார்கள். குழாய் விட்டுக் கரைத்தாயிற்று. வேகப்பந்து தம்பி எழுதியதைப் படித்துக் காட்டியிருந்ததால் ஐ.சி.யூ.வில் தம்பி கலங்கவில்லை. குழாய் போட்ட இடத்தில் கொஞ்சம் கசிந்தது, அமுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கை பாதிக்கு மேல் வடிந்து, விரல் மடங்குகிறது. கையைத் தூக்கிச் சாயப் படம் எடுத்ததில் இவனுக்கும் அதே இடத்தில்தான் நசுங்குகிறது. மாத்திரையில் வைத்து, சில வாரம் கழித்து விலா எலும்பை எடுக்கலாம் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். உடனே எடுக்காமல் ஏன் தள்ளுகிறார்கள்?

ரத்தநாளப் பிரிவு

நல்ல செய்தி. இதில் இரண்டு வழக்கமும் உண்டு. சிலர் அதே அட்மிஷனில் எடுப்பார்கள், சிலர் வீக்கமும் புண்ணும் ஆறட்டும் என்று சில வாரம் விடுவார்கள். கரைத்த உடனே ஆபரேஷன் என்றால் ரத்தக்கசிவுப் பயம். தள்ளிப்போட்டால் நடுவில் மறுபடி அடைபடுமோ என்ற பயம். அதனால் இந்த இடைவெளியில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக்கூடாது. கை தோளுக்கு மேலே போகிற எந்த வேலையும் வேண்டாம். கை மறுபடி கனத்தாலோ நீலம் பாரித்தாலோ குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

இன்னொரு கையையும் தூக்கிப் பார்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் குறுகல் பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும்.

நாகலூர் அக்கா

கேட்டேன் டாக்டர். இடது பக்கமும் கையைத் தூக்கினால் கொஞ்சம் நசுங்குகிறதாம். கட்டி இல்லை, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தலைக்கு மேல் வேலை மட்டும் கூடாது என்றார்கள். இடது கையால் மிளகு பறிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அதையும் விட்டுவிட்டான். எஸ்டேட் மேஸ்திரியிடம் பேசிவிட்டோம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்று சொல்கிற வரை களத்தில் காயப்போட்ட மிளகைக் கிளறிவிடுகிற வேலையும் எடை போடுகிற வேலையும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.